தேங்க்ஸ்கிவிங் கார்ன் கேசரோல்: என்னிடம் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

நவம்பர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் எங்கள் ஒஹாயோ மாநிலப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற ஆபீஸ் பாட்லக்குக்கு என்ன கொண்டுபோவது, பையனின் நண்பன் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் வெறுங்கையோடா போவது, அந்த மஞ்சள் சோள ஐட்டம் எப்படிச் செய்வது. நான் பெரிய சமையல்காரி இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக, நவம்பரில் இங்கே வருகிற நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்குக்கு இதே ஒன்றைத்தான் செய்துகொண்டு போகிறேன், இதில் பண்ண முடிந்த தப்பை எல்லாம் பண்ணியும் பார்த்துவிட்டேன். திரும்பத் திரும்பச் சொல்வதை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்ததுதான் இது.

முதலில், இது என்ன பண்டம்? கேக்கா, கறியா?

இரண்டுக்கும் நடுவில். மக்காச்சோள மணிகளும் அதன் மாவும் வெண்ணெயும் புளித்த கிரீமும் சேர்த்து அவனில், அதாவது கேக் சுடுகிற அடுப்பில், வைத்துச் சுட்டெடுப்பது. மேலே லேசாகச் சிவந்து கேக் மாதிரி இருக்கும், கரண்டியை உள்ளே விட்டால் ரவா கேசரி பதத்தில் குழைந்து வரும். கத்தியால் துண்டு போட மாட்டார்கள், கரண்டியால் அள்ளித் தட்டில் வைப்பார்கள். வான்கோழி, பிசைந்த உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டில் செய்கிற ஸ்டஃபிங், கிரான்பெரி சாஸ் இவற்றுக்குப் பக்கத்தில் ஓரமாக உட்காரும் துணைப் பதார்த்தம். இனிப்பாக இருந்தாலும் டெசர்ட் கிடையாது, சாப்பாட்டோடுதான் வரும். நம்மவர்கள் முதல் தடவை இங்கேதான் குழம்பிப் போய்க் கடைசியில் பை என்கிற இனிப்பைச் சாப்பிடும்போது தேடுவார்கள், அதற்குள் காலியாகியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்கூட ஹாம் (பன்றி இறைச்சி) பக்கத்தில் இதை வைப்பதுண்டு.

சரி, செய்முறையைச் சொல்லுங்கள். நீட்டாமல்.

எனக்கு இதைக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி, ஒரு சின்ன அட்டையில் எழுதி. அதில் ஐந்தே வரி. ஜிஃபி கார்ன் மஃபின் மிக்ஸ், அதாவது கலந்தே வருகிற சோள மாவு, ஒரு பெட்டி (8.5 அவுன்ஸ், அதாவது 240 கிராம்). முழு மணிச் சோளம் ஒரு டின் (15 அவுன்ஸ்), தண்ணீரை வடித்துவிட்டு. கிரீம் ஸ்டைல் கார்ன் (கூழாக அரைத்த சோளம்) ஒரு டின், இதை வடிக்கக் கூடாது, அப்படியே. சவர் கிரீம், அதாவது புளித்த கிரீம், ஒரு கப். உருக்கிய வெண்ணெய் ஒரு ஸ்டிக், அதாவது அரை கப், 113 கிராம். அவ்வளவுதான் அட்டையில் இருந்தது. நான் இரண்டு முட்டையும் சேர்ப்பேன், அது பற்றிக் கீழே சொல்கிறேன்.

அவனை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (175 செல்சியஸ்) சூடாக்கிக்கொள்ளுங்கள். உருக்கிய வெண்ணெய் கொஞ்சம் ஆறட்டும், கொதிக்கக் கொதிக்க முட்டையில் ஊற்றினால் அங்கேயே பொடிமாஸ் ஆகிவிடும். ஈரமானதை எல்லாம் ஒரு பாத்திரத்தில் கலந்து, கடைசியாக மாவைக் கொட்டி, கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, போதும். கட்டி இருந்தால் பரவாயில்லை, இட்லி மாவு மாதிரி அடித்துக் கலக்காதீர்கள், பெட்டி மாவில் கோதுமை இருக்கிறது, அடிக்க அடிக்க ரப்பராகும். 9 அங்குலச் சதுரத் தட்டில் வெண்ணெய் தடவி ஊற்றி, 45 முதல் 55 நிமிடம். எட்டு பேருக்கு வரும்.

மிக்ஸி வேண்டாம், அடுப்பில் நின்று கிளற வேண்டாம், கை வேலை மொத்தம் பத்து நிமிடம். பெரிய வாண்டைக் கூப்பிட்டு டின்னைத் திறக்கச் சொல்லலாம், சின்ன வாண்டு கலக்கட்டும்.

பெட்டி மாவை வாங்கியா விருந்துக்குச் செய்வது? கொஞ்சம் கூச்சமாக இருக்கிறதே.

எனக்கும் முதலில் இருந்தது. சாம்பார்ப் பொடியையே வீட்டில் அரைக்கிற குடும்பத்திலிருந்து வந்தவள் நான். ஆனால் இந்தப் பண்டத்தின் பாரம்பரியமே அந்தப் பெட்டிதான். மிச்சிகன் மாநிலத்தில் செல்சி என்று ஒரு சின்ன ஊர், அங்கே இருக்கிற குடும்ப மாவு மில்லில் மேபெல் ஒயிட் ஹோம்ஸ் என்கிற அம்மாள் 1930இல் முதல் ஜிஃபி மிக்ஸைக் கொண்டுவந்தார். சோள மஃபின் மிக்ஸ் பின்னால் வந்தது. நீலமும் வெள்ளையுமான அந்தப் பெட்டி இன்றைக்கும் ஒரு டாலர் பக்கம்தான் விற்கிறது, விளம்பரத்துக்குச் செலவு செய்வதில்லை என்பதில் அந்தக் கம்பெனிக்கே ஒரு பெருமை.

இங்கே பாட்டிமார்கள் பேத்திகளுக்குச் சொல்லித் தருவது இந்த ஐந்து வரியைத்தான். பக்கத்து மேசையில் இருக்கிற கிரீன் பீன் கேசரோலும் அப்படியே, கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையல்கூடத்தில் டோர்கஸ் ரைலி என்பவர் 1955இல் டின் சூப்பை வைத்து உருவாக்கியது. எனவே கூச்சப்படாமல் பெட்டியைப் பிரியுங்கள்.

பெட்டி கிடைக்காவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம்: மைதா மூன்றில் இரண்டு பங்கு கப், மஞ்சள் கார்ன்மீல் (நறநறவென்ற மக்காச்சோள மாவு) அரை கப், சர்க்கரை 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி. ஒரு பெட்டிக்குச் சமம்.

நாங்கள் சுத்த சைவம். இதில் சோளமும் பாலும்தானே, கவலையில்லாமல் சாப்பிடலாமா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கு நின்று பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் சறுக்கிய இடம் இது.

ஜிஃபி சோள மிக்ஸில் நெடுங்காலம் பன்றிக் கொழுப்பு இருந்தது. இங்கே லார்ட் என்பார்கள். அந்தக் காலத்து அமெரிக்க அடுப்படியில் அது நமக்கு நல்லெண்ணெய் மாதிரி, யாரும் விசேஷமாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது வருடம் நான் செய்துகொண்டு போனதை முட்டைகூடச் சேர்க்காமல் ஜாக்கிரதையாகச் செய்திருந்தேன், எங்கள் குழுவில் ஒரு மாமி இருக்கிறார், வெங்காயமே யோசித்துச் சாப்பிடுகிறவர், அவரிடம் "தைரியமா சாப்பிடுங்கோ மாமி, சைவம்தான்" என்று நானே பரிமாறினேன். மறுநாள் குப்பையில் போட எடுக்கும்போதுதான் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். மாமியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே படிச்சுட்டு வாங்கு" என்றார்.

அதனால் படித்துவிட்டு வாங்குங்கள். வெஜிடேரியன் என்றே அச்சிட்ட ஜிஃபி பெட்டி தனியாக வந்ததுண்டு, வேறு கம்பெனி மிக்ஸ்களிலும் தாவரக் கொழுப்பு போட்டவை கிடைக்கின்றன. அலமாரியில் பழைய பெட்டி கிடந்தால் ஞாபகத்தை நம்பாமல் மறுபடி படியுங்கள்.

அடுத்தது சவர் கிரீம். சில பிராண்டுகளில் கெட்டியாக நிற்பதற்கு ஜெலட்டின் போடுகிறார்கள், அதுவும் விலங்கிலிருந்து வருவதுதான். டெய்ஸி மாதிரி வெறும் கிரீமைப் புளிக்கவைத்துத் தயாரிப்பதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அதுவும் வேண்டாமென்றால் வடிகட்டின கெட்டித் தயிர், இல்லையேல் கிரீக் யோகர்ட், அதே அளவு. கொஞ்சம் புளிப்பு தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

முட்டை இல்லாமல் வருமா?

தாராளமாக. பாட்டியின் அட்டையில் முட்டையே இல்லை என்றேனே. முட்டை போட்டால் கொஞ்சம் உப்பி, துண்டாக எடுக்க வரும். போடாவிட்டால் குழைவாக, கரண்டிப் பதமாக இருக்கும், நடு இறுகப் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். முட்டைக்குப் பதில் அது இது என்று எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

எனக்கு நடுவில் கூழாக நின்றுவிட்டது, ஓரமெல்லாம் காய்ந்துவிட்டது. எங்கே தப்பு?

நிறையப் பேர் கேட்பது இதுதான். காரணம் மூன்று நான்கு இருக்கலாம்.

முதல் சந்தேகம் டின் தண்ணீர். முழு மணி டின்னை வடிகட்டியில் கொட்டி, இரண்டு தட்டுத் தட்டி, ஐந்து நிமிடம் விட வேண்டும். டின் மூடியை லேசாகத் திறந்து சாய்த்து ஊற்றினால் அரை கப் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஃப்ரோசன் சோளமாக இருந்தால் இன்னும் மோசம், பனியோடு போட்டால் கலவையும் குளிர்ந்துபோகும், உருகின தண்ணீரும் சேரும். வெளியே எடுத்து வைத்து உருகின பின் டவலில் ஒற்றிவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது, பாத்திரம். ஆழமான சின்னப் பாத்திரத்தில் ஊற்றினால் ஓரம் முந்திக்கொள்ளும், நடு பின்தங்கும். கலவையின் உயரம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டு மெதுவாகச் சூடேறும், ஆனால் ஏறிய சூடு சீக்கிரம் இறங்காது, அதனால் அதில் ஓரம் கருக வாய்ப்பு அதிகம். மேலே நிறம் வந்துவிட்டது, உள்ளே வேகவில்லை என்றால் ஃபாயில் போட்டு மூடி மேலும் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

மூன்றாவது, அவன் சொல்லுகிற சூடு உள்ளே இருப்பதில்லை. எங்கள் பழைய வாடகை வீட்டு அவன் 25 டிகிரி குறைச்சலாகக் காயும், அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆயிற்று. சின்ன அவன் தெர்மாமீட்டர் ஒன்று உள்ளே தொங்கவிட்டால் தெரிந்துபோகும்.

இனி எப்போது வெந்தது என்று எப்படிச் சொல்வது? கேக்குக்குச் செய்கிற மாதிரி குச்சி விட்டுப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், கிரீம் கார்ன் இருப்பதால் குச்சியில் எப்போதும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். நடுப்பகுதி தண்ணீர் மாதிரி அலை அடித்தால் வேகவில்லை, அல்வா மாதிரி மொத்தமாக அசைந்தால் வெந்துவிட்டது. முட்டை போட்டிருந்தால் நடுவில் 160 டிகிரி ஃபாரன்ஹீட் (71 செல்சியஸ்) காட்ட வேண்டும். எடுத்ததும் பரிமாறாமல் பத்து நிமிடம் வெளியே வையுங்கள், அந்தப் பத்து நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் இறுகும். பொறுமையில்லாமல் கரண்டி விட்டுவிட்டு "கூழாக இருக்கிறது" என்கிற புகார்தான் பாதி.

கிரீம் ஸ்டைல் கார்னில் கிரீம் இருக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. சோள மணியை அரைத்து, அதிலிருந்து வருகிற பாலோடு ஸ்டார்ச்சும் சர்க்கரையும் சேர்த்தது. பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம், டின்னில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

கிடைக்காவிட்டால் ஒன்றரை கப் சோளத்தில் பாதியைக் கால் கப் பாலோடு அரைத்து, மீதியை அப்படியே சேர்த்து, ஒரு தேக்கரண்டி கார்ன் ஸ்டார்ச் போட்டு அடுப்பில் கெட்டியாகும் வரை கிளறினால் ஏறக்குறைய அதுதான்.

டின் பிடிக்கவில்லை. ஃப்ரெஷ் சோளத்தில் செய்தால் இன்னும் நன்றாக இருக்குமே?

ஆகஸ்டில் கேட்டிருந்தால் ஆமாம் என்பேன். எங்கள் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் சோளம், சாலையோரக் கடையில் காலையில் பறித்ததைப் போட்டு விற்பார்கள். நவம்பரில் கடையில் பிளாஸ்டிக் சுற்றிக் கிடப்பது எங்கிருந்தோ பல நாள் பயணம் செய்து வந்தது. சோளத்தைப் பறித்ததும் அதிலுள்ள சர்க்கரை ஸ்டார்ச்சாக மாற ஆரம்பித்துவிடும், பழைய ரகங்களில் ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். இதனால்தான் சூப்பர் ஸ்வீட் ரகங்களைத் தேடிப் போனார்கள், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் 1950களில் இனிப்பைக் கூட்டுவதாகக் கண்டறிந்த மரபணுவிலிருந்து வந்த வரிசை அது, பல நாள் இனிப்பு போகாமல் நிற்கும். ஃப்ரோசன் சோளமோ பறித்த சூட்டிலேயே வெந்நீர் காட்டி உறைய வைத்தது. ஆகையால் பண்டிகைக் காலத்தில் ஃப்ரோசனும் டின்னும் ஃப்ரெஷ்ஷைவிட மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோடையில் செய்வதானால் இரண்டு மூன்று கதிர் போதும், ஒரு கதிருக்கு அரையிலிருந்து முக்கால் கப் மணி வரும். மணியை அரிந்த பின் கத்தியின் முதுகால் சக்கையைச் சுரண்டுங்கள், பால் வடியும், அதை விட்டுவிடாதீர்கள்.

கறிவேப்பிலை, கடுகு, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் தூக்கலாக இருக்காதா?

இருக்கும். ஆனால் செய்யாதீர்கள், குறைந்தது அந்த மேசைக்குச் செய்யாதீர்கள்.

நானும் மூன்றாவது வருடம் புத்திசாலித்தனமாக இஞ்சி, மிளகாய், சீரகம், மஞ்சள்தூள் எல்லாம் போட்டுக் கொண்டுபோனேன். நம்மவர்கள் ஆகா என்றார்கள். குழந்தைகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிட்டன. பெரியவர்கள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள், தட்டு பாதி திரும்பி வந்தது. ருசி இல்லாமல் இல்லை, அந்தச் சாப்பாட்டில் அது செய்ய வேண்டிய வேலையை அது செய்யவில்லை. யோசித்துப் பாருங்கள், தட்டில் உப்பான வான்கோழி, அதன் மேல் உப்பான கிரேவி, சேஜ் இலை வாசனை தூக்கலான ஸ்டஃபிங், புளிப்பும் இனிப்புமாகக் கிரான்பெரி. இதற்கு நடுவில் மெத்தென்று, லேசான இனிப்பாக, எதோடும் சண்டை போடாமல் ஒன்று வேண்டும். நம் சாப்பாட்டில் தயிர் சாதம் செய்கிற வேலை. தயிர் சாதத்தில் யாராவது கரம் மசாலா போடுவார்களா?

மிளகாய் இல்லாமல் முடியாது என்றால் ஒரே ஒரு ஹாலப்பீனோ, விதை நீக்கிப் பொடியாக நறுக்கி. கொஞ்சம் செடார் சீஸ் துருவிப் போடலாம், இரண்டும் இங்கத்துக்காரர்களுக்கே பழக்கமானவைதான். வெங்காயத்தாளும் ஒத்துப்போகும். அதற்கு மேல் வேண்டாம்.

இனிப்பு எனக்கு ஒத்துவரவில்லை, குறைக்க வழி?

பெட்டி மாவில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, கிரீம் கார்னிலும் இருக்கிறது. அதனால் கூடுதல் சர்க்கரை போடச் சொல்லுகிற செய்முறைகளை விட்டுவிடுங்கள். மேலே சொன்ன வீட்டு மாவில் சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டியாகக் குறைத்தால் நன்றாகவே தெரியும். அரைத் தேக்கரண்டி உப்பும் கொஞ்சம் மிளகும் சேர்த்தால் நாக்குக்குச் சமனாகும். தெற்கு மாநிலத்துக்காரர்களுக்கும் வடக்கத்தியர்களுக்கும் சோள ரொட்டியில் சர்க்கரை போடலாமா கூடாதா என்பதில் தீராத வழக்கு ஒன்று உண்டு, அதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கார்ன் புட்டிங், கிரீம்டு கார்ன், ஸ்பூன்பிரெட் என்றெல்லாம் சொல்கிறார்களே, எல்லாம் இதுதானா?

ஒரு பங்காளி வகையறா. கார்ன் புட்டிங் தெற்கத்தி வீடுகளில் அதிகம், முட்டையும் பாலும் தூக்கலாக, கஸ்டர்டு மாதிரி வழவழவென்று இருக்கும், பெட்டி மாவு தேவையில்லை. ஸ்பூன்பிரெட் கார்ன்மீலைப் பாலில் கிண்டி முட்டை சேர்த்துச் சுடுவது, களியைக் கிண்டி அவனில் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கென்டக்கியில் பெரியா என்கிற ஊரில் இதற்குத் திருவிழாவே நடத்துகிறார்கள். ஸ்காலப்டு கார்னில் மாவுக்குப் பதில் பிஸ்கட் மாதிரியான கிராக்கரை நொறுக்கிப் போடுவார்கள். பென்சில்வேனியாவில் ஜெர்மன் வழி வந்த குடும்பங்களில் காயவைத்த ஸ்வீட் கார்னை ஊறவைத்துப் பாலில் வேகவைத்துத் தேங்க்ஸ்கிவிங்குக்கு வைப்பார்கள், வற்றல் போடுகிற நமக்கு அந்த ருசி சட்டென்று பிடிபடும், லேசாக வறுத்த வாசனை.

கிரீம்டு கார்ன்தான் எல்லாவற்றிலும் சுலபம். இரண்டு பவுண்டு ஃப்ரோசன் சோளம், 8 அவுன்ஸ் கிரீம் சீஸ், அரை ஸ்டிக் வெண்ணெய், அரை கப் பால், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, உப்பு, மிளகு, எல்லாவற்றையும் ஸ்லோ குக்கரில் போட்டு லோவில் மூன்று நாலு மணி நேரம், நடுவில் இரண்டு தடவை கிளறல். அவனே வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரே அவன், அதில் வான்கோழி உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்ய?

வான்கோழி வெந்து வெளியே வந்ததும் அரை மணி நேரமாவது ஆறவிட்டுத்தான் வெட்டுவார்கள். வெட்டி, கிரேவி காய்ச்சி, எல்லோரையும் மேசைக்குக் கூப்பிட்டு முடிப்பதற்குள் முக்கால் மணி ஓடிவிடும். அந்த இடைவெளி உங்களுக்கு. கூடவே வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் வான்கோழிக்கு வைத்திருக்கிற 325 டிகிரியிலேயே வைக்கலாம், பத்துப் பதினைந்து நிமிடம் கூடும், கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

இன்னொருவர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் அவர்கள் அவனை நம்பிப் போகவே கூடாது. வீட்டிலேயே சுட்டு, ஃபாயில் மூடி, இரண்டு பழைய டவலில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தால் ஒரு மணி நேரம் சூடு நிற்கும். சுட்டதிலிருந்து மேசையில் தீரும் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது என்பது இங்கத்து விவசாயத் துறை சொல்லுகிற கணக்கு, பாலும் முட்டையும் இருப்பதால் இதில் நான் விளையாடுவதில்லை.

ஸ்லோ குக்கரிலும் கேசரோல் செய்யலாம், ஹையில் இரண்டரை மணி நேரம் போல. மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு துணியை விரித்துவிடுங்கள், இட்லித் துணி மாதிரி, இல்லாவிட்டால் ஆவித் தண்ணீர் சொட்டி மேலே சொதசொதவென்று ஆகிவிடும். சிவந்த மேல்பகுதி மட்டும் கிடைக்காது.

முந்தின ராத்திரியே கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

மாவோடு கலந்து வைக்காதீர்கள், பேக்கிங் பவுடர் ராத்திரியே வேலையைத் தொடங்கிவிடும், காலையில் உப்பாது. ஈரமானதைத் தனியாகவும் மாவைத் தனியாகவும் வைத்துக் காலையில் சேர்க்கலாம். அல்லது முழுக்கச் சுட்டு வைத்து, மறுநாள் ஃபாயில் மூடி 325 டிகிரியில் 20, 25 நிமிடம் சூடாக்கலாம், உள்ளே 165 டிகிரி (74 செல்சியஸ்) வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டைச் சூடான அவனுக்குள் நேராக வைக்காதீர்கள், வெடித்துவிடும். அரை மணி வெளியே இருக்கட்டும்.

இருபது பேருக்கு?

எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கி 9க்கு 13 அங்குலத் தட்டில், ஒரு மணி நேரம் பக்கம். துணைப் பதார்த்தம்தானே, ஆளுக்கு இரண்டு கரண்டி, சரியாக இருக்கும். மும்மடங்கு வேண்டுமானால் இரண்டு தட்டாகப் பிரித்துவிடுங்கள்.

கோதுமை ஆகாது, பால் ஆகாது என்று ஆட்கள் வருகிறார்கள்.

கோதுமை ஆகாதவர்களுக்குப் பெட்டி மாவு உதவாது. வீட்டு மாவில் மைதாவுக்குப் பதில் அரிசி மாவு பாதி, கார்ன் ஸ்டார்ச் பாதி போட்டு, முட்டையும் சேருங்கள், இல்லாவிட்டால் உதிரும். பால் ஆகாதவர்களுக்கு வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் கொஞ்சம் குறைத்து, சவர் கிரீமுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சோளமும் தேங்காயும் நல்ல ஜோடி, இதை நான் வீட்டுக்காகவே அடிக்கடி செய்வேன்.

பள்ளியில் முதல் தேங்க்ஸ்கிவிங் பற்றி எழுதச் சொன்னார்கள். அதில் இந்தச் சோளம் இருந்ததா என்று பெண் கேட்கிறாள்.

சோளம் இருந்தது, இந்தச் சோளம் இல்லை. 1621 இலையுதிர் காலத்தில் மாசசூசெட்ஸ் பக்கம் பிளிமத்தில், அங்கே குடியேறிய ஐம்பது பேர் போல ஆங்கிலேயரும் தொண்ணூறு பேர் போல வாம்பனோக் என்கிற பூர்வகுடி மக்களும் மூன்று நாள் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த வருடம் மக்காச்சோளம் நன்றாக விளைந்தது, பார்லி சுமார், பட்டாணி தேறவில்லை என்று அந்த ஆங்கிலேயரில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் இருக்கிறது. சோளத்தை அங்கே எப்படி விதைப்பது, மீனை உரமாக எப்படிப் புதைப்பது என்று சொல்லிக்கொடுத்தவர் டிஸ்குவான்டம் என்கிற பூர்வகுடிக்காரர், பாடப் புத்தகத்தில் ஸ்குவான்டோ என்றிருக்கும். அது கல்லு மாதிரிக் காய்ந்த ஃப்ளின்ட் ரகம், இடித்துக் கஞ்சியாகவோ ரொட்டியாகவோதான் சாப்பிட முடியும், வேகவைத்துக் கடிக்கிற ஸ்வீட் கார்ன் இல்லை. சோளமே அதற்கும் பல ஆயிரம் வருடம் முந்தியது, சுமார் 9,000 வருடத்துக்கு முன் தெற்கு மெக்சிகோவில் டியோசின்டே என்கிற புல்லிலிருந்து மனிதர்கள் வளர்த்தெடுத்தது.

நாடு முழுக்கப் பண்டிகை ஆனது 1863இல் அதிபர் லிங்கன் அறிவித்த பிறகு, நவம்பர் நாலாவது வியாழன் என்று சட்டமானது 1941இல். வாம்பனோக் வழிவந்தவர்களும் மற்றப் பூர்வகுடிகளும் 1970 முதல் அதே நாளில் பிளிமத்தில் துக்க நாள் கூடுகிறார்கள், பெண் எழுதும்போது அதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

ஊரில் அம்மா செய்து பார்க்க வேண்டும் என்கிறார். அங்கே கிடைப்பதை வைத்து முடியுமா?

முடியும், பெயர்களில் மட்டும் உஷார். ஊரில் சோளம் என்று பொதுவாகச் சொன்னால் வெள்ளைச் சோளம், அது வேறு தானியம், நமக்கு வேண்டியது மக்காச்சோளம். இலங்கைக்காரர்கள் இதையே சோளன் என்பார்கள். அப்புறம் இந்தியக் கடையில் கார்ன் ஃப்ளார் என்று கொடுப்பது சூப்பைக் கெட்டியாக்குகிற வெள்ளை ஸ்டார்ச், அதை அரை கப் கொட்டினால் பசைதான் வரும். மஞ்சளாக, லேசாக நறநறவென்று இருக்கிற மக்காச்சோள மாவு வேண்டும், வடக்கத்திக் கடையில் மக்கி ஆட்டா என்று கேட்டால் கொடுப்பார்கள். சவர் கிரீமுக்குத் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், அவன் இல்லாவிட்டால் கனமான பாத்திரத்தில் உப்பு பரப்பிக் கேக் சுடுகிறார்களே, அதே முறை.

மீந்தால்?

ஃபிரிட்ஜில் மூன்று நாலு நாள். ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது தண்ணீர் விடும், எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் அது நன்றாக இறுகியிருக்கும், கத்தியால் விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று சிவக்க விடுங்கள். இப்போது மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறக்கலாம், விருந்தாளிகள் எல்லாம் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு சின்னத் தட்டு தனியாகச் சுட்டு ஒளித்து வைக்கிறோம்.